ஏரிக்காப்பும் செலவுக் கணிப்பும்

நெடுங்காலம் பயன்தரும் ஒன்றை ஆக்குதற்குரிய செலவைக் கணித்தல் எளிது. அதனைப் பல்லாண்டு பழுதின்றிப் பேணுதற்குரிய செலவைக் கணித்தலோ அரிது. திருப்பெரும்புதூர், ஒரகடம் வட்டாரத் தொழிற்சாலைகளில் பொறிகளைப் பேணும் பொறுப்பைப் பல்லாண்டுக்கு ஏற்போர், பேசிய கட்டணத்துள் அடங்காத பழுது நேரின் அவ்விழப்பு யாரைச் சாரும் என்பதை முதற்கண் வரையறுத்தல் வேண்டும். இவ்வினா இந்நிலப்பகுதிக்குப் புதியதன்று. ஆயிரம் ஆண்டுகட்கு முன்னரே ஏரிகாத்த ஊரவையார் இதனை எதிர்கொண்டனர். அவர் கண்ட விடையை ஈண்டு ஆராய்வோம்.

ஒரகடத்திற்குத் தென்மேற்கே உள்ள உத்திரமேரூரில் வைரமேக தடாகம் என்னும் பேரேரி பல்லவர் காலத்திலேயே இருந்தது. ஏரிக்கு நேரும் கேடு இருவகைப்படும். ஆண்டுதோறும் வண்டல் படிதல் ஒன்று. பெருமழையிற் கரை உடைதல் மற்றொன்று. முன்னது எதிர்பார்த்து அளவிடத்தக்கது. பின்னது எப்பொழுது, எவ்வளவு என்று அறியவொண்ணாதது.

முன்னதற்கு அக்காலத்தார் கண்ட வழி அறக்கட்டளையாகும். கொடையாளர் அளித்த பொன்னை ஊரவையார் ஏற்று, முதல் குறையாமல், அதன் பொலிசையைக் கொண்டு ஏரியைத் தூரெடுப்பித்தனர். ஏரிப்பட்டி என விடப்பெற்ற நிலத்தின் விளைவும் ஏரிக்காப்புக்கே உரியதாயிற்று. செலவு ஆண்டுதோறும் வருதலின் வருவாயும் ஆண்டுதோறும் வருமாறு அமைத்தமை கருதத்தக்கது.

பொருளைக் கையாள்வோரால் நேரும் கேட்டையும் அவர்கள் மறந்திலர். முதலாம் பராந்தக சோழன் காலத்து, 919, 921ஆம் ஆண்டுகளுக்குரிய உத்திரமேரூர்க் கல்வெட்டுக்கள் இதற்குச் சான்றாகும். பின்னதன்படி ஏரி வாரியத்தார் அறுவர். அவர்தம் பணிக்காலம் 360 நாள். வாரியம் செய்து கணக்குக் காட்டாதவர் மட்டுமன்றி, அவர்தம் நெருங்கிய உறவினரும் குடவோலைக்குத் தகுதியிழந்தனர்.

இனி, கரை உடையும் இடருக்கு ஈடு யாது? அப்பெருஞ்செலவைப் பொலிசை தாங்காது. அவ்விடத்து ஊரார் உடலுழைப்பே ஈடாயிற்று. வெட்டி என்னும் கூலியில்லா உழைப்பைக் கல்வெட்டுக்கள் சுட்டுகின்றன. 1858இல் இயற்றப்பெற்ற சென்னைக் கட்டாய உழைப்புச் சட்டமும் ஏரி உடைப்பைத் தடுக்க ஊராரை வற்புறுத்தி அழைக்க இடந்தந்தது. ஆதலின், ஊராட்சியின் சிறப்பைப் போற்றும் நாம் அதன் மறுபக்கத்தையும் காண்டல் வேண்டும். பொன் ஈந்தோர் பெயர் கல்லில் நின்றது; பேரிடரைத் தோளிற் சுமந்தோர் பெயர் நின்றிலது. அறியவொண்ணாச் செலவு மறைந்துபோவதன்று. எளியோர்பால் சென்று சேர்வது.

குடிமராமத்து என்னும் பழம்பெயரால் தமிழக அரசு 2017ஆம் ஆண்டு ஏரிப்பணியைத் தொடங்கிய இடம், இவ்வட்டாரத்து மணிமங்கலமே. பெயர் மீண்டமை மகிழ்தற்குரியது. எனினும், ஆண்டுதோறும் படியும் வண்டலுக்கு ஒருகால் ஒதுக்கும் நிதி ஈடாகாது. குறையாத முதல், தவறாத கணக்கு, இடர் நேருங்கால் உழைப்போர்க்கு உரிய கூலி ஆகிய மூன்றும் ஒருங்கு அமைதல் வேண்டும். முன்னோர் முதலிரண்டை அமைத்தனர். மூன்றாவதை அமைத்தல் நம் கடனாகும்.