பழவேற்காடும் மலாக்கா நீரிணையும்

திருவள்ளூர் மாவட்டத்தில், கும்மிடிப்பூண்டிக்குக் கிழக்கே, ஏரிக்கும் கடலுக்கும் இடையே அமைந்தது பழவேற்காடு. இவ்வூரின் ஏற்றமும் தாழ்வும் இக்கரையில் நிகழ்ந்தவற்றால் மட்டும் விளைந்தன அல்ல; கடல் கடந்து கிடக்கும் மலாக்கா நீரிணையை ஆள விழைந்தோரின் போட்டியாலும் விளைந்தன. அத்தொடர்பினை ஈண்டு ஆராய்வாம்.

போர்த்துகீசியர் 1511இல் மலாக்காவைக் கைப்பற்றினர். அனுமதிச் சீட்டுப் பெறாத கலங்களைப் பிடித்தனர். கீழைத் தீவுகளில் மிளகும் கிராம்பும் கொள்வதற்குச் சோழமண்டலத் துணியே சிறந்த மாற்றுப்பொருள். ஆதலின் ஒல்லாந்தர் 1610இல் பழவேற்காட்டில் பண்டசாலை நிறுவினர். 1612இல் போர்த்துகீசியர் அதனை அழித்தனர். 1613இல் கெல்திரியாக் கோட்டை எழுந்தது. 1690 வரை சோழமண்டலக் கரையில் ஒல்லாந்தரின் தலைமையிடம் இதுவே.

சிங்கப்பூர் நீரிணையருகே 1603இல் ஒல்லாந்தர் ஒரு போர்த்துகீசியக் கப்பலைக் கவர்ந்தனர். அச்செயலை முறையெனக் காட்ட முனைந்த குரோசியசு, கடல் யாவர்க்கும் பொது என வாதிட்டு 1609இல் நூல் வெளியிட்டார். ஆயின், 1641இல் மலாக்கா தம் கைப்பட்டதும் ஒல்லாந்தரும் ஆசிய வணிகரிடம் சீட்டுக் கேட்கலாயினர். நுழைய விரும்பியபோது பொதுமை பேசியவர், வாயிலைக் கைக்கொண்டபின் காவல் பேசினர்.

பழவேற்காட்டின் தளர்ச்சிக்குச் சென்னையின் வளர்ச்சியும் முகத்துவாரத்தை மணல் தூர்த்தலுமே காரணம் என்பாரும் உளர். தளர்ச்சிக்கு அவை காரணமே. எனினும், அவ்வூர் கைமாறியதற்கு அவை போதிய விளக்கம் ஆகா. 1824 மார்ச்சு 17இல் இலண்டனில் கையெழுத்தான உடன்படிக்கையால் மலாக்கா ஆங்கிலேயருக்கும், சுமத்திராவின் பெங்கூலன் ஒல்லாந்தருக்கும் உரியவாயின. சிங்கப்பூர் பற்றிய தடையை ஒல்லாந்தர் கைவிட்டனர். இந்திய நிலப்பரப்பில் அவர்க்கிருந்த குடியிருப்புகள் அனைத்தும் ஆங்கிலேயர்க்கு அளிக்கப்பட்டன. அவ்வகையில் 1825இல் பழவேற்காடும் கைமாறிற்று. நீரிணையைப் பங்கிட்டோர் இக்கரையின் நெசவாளரையும் கடலோடிகளையும் கேட்டிலர்.

1982ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் கடற்சட்ட ஒப்பந்தம், பன்னாட்டுப் போக்குவரத்திற்குரிய நீரிணைகளில் கப்பல்கள் தடையின்றிக் கடந்து செல்லும் உரிமையை நிலைநாட்டியது. கடல் மாசுறாமற் காக்கக் கரை நாடுகள் விதி செய்யவும் ஓரளவு இடம் தந்தது. ஆயினும், அவ்வேற்பாடு அரசுகளுக்கிடையே ஆனது. கரையில் வாழ்வோர் அதில் நேரே பேசுவதில்லை.

இக்குறை நீரிணைகளோடு நின்றுவிடுவதன்று. எண்ணூரில் நீரிணை இல்லை. எனினும், 2001இல் அங்குத் தொடங்கிய துறைமுகத்தின் அருகே 2017 சனவரி 28இல் இரு கப்பல்கள் மோதின. கசிந்த எண்ணெய் கரை நெடுகப் படிந்து, மீனவர் பிழைப்பைக் கெடுத்தது. கப்பலின் வழியுரிமையை வரையறுக்க நான்கு நூற்றாண்டுகளாக நூல்களும் உடன்படிக்கைகளும் எழுந்தன. கரையின் உரிமைக்கோ அத்துணை வலிய வாதம் எழவில்லை.

ஆதலின், கடல் வரலாறு எழுதப் புகுவோர் ஒல்லாந்தர் ஆவணங்களோடு நின்றுவிடுதல் சாலாது. ஏரியின் வாய் எப்போது அடைபட்டது, எக்கரையில் மீன் குன்றியது என்பவற்றைத் தலைமுறையாக அறிந்தவர் இன்றும் பழவேற்காட்டில் உளர். அவர்தம் கூற்றும் சான்றாகத் தொகுக்கப்படுதல் வேண்டும்.