புகைக் குடிலில் பிறந்த குளியல்

புது நிலத்தில் குடியேறிய பின்லாந்துக் குடியானவர்கள் பெரும்பாலும் முதலில் சவுனா என்ற வெப்பக் குளியல் குடிலைத்தான் கட்டினார்கள். வீடு எழும்பும்வரை குடும்பம் அதிலேயே படுத்து எழுந்தது. உடம்பின் நச்சை வெளியேற்றும் அறை என்று இன்று ஸ்பாக்கள் விளம்பரம் செய்கிற மரப்பெட்டியின் மூதாதை, பண்ணைக் குடும்பத்தின் பல வேலைகளுக்கும் உதவிய ஒரு சிறு குடில்.

தொடக்கத்தில் அது மேட்டுச் சரிவில் தோண்டிய குழியாக இருந்தது. பிறகு மரக்கட்டைகளை அடுக்கிக் கட்டினார்கள். புகைபோக்கி கிடையாது. மூலையில் கற்களைக் குவித்து, அடியில் மணிக்கணக்கில் விறகு எரிப்பார்கள். புகை அறையெங்கும் சுற்றி, சுவரிலுள்ள சிறு திறப்பு வழியாக மெல்ல வெளியேறும். தீ அடங்கி, புகை போய், கண் எரிச்சல் தீர்ந்த பிறகே ஆள் உள்ளே நுழையலாம். அவசரப்பட்டால் கார்பன் மோனாக்சைடு உயிரைக் குடித்துவிடும். தீ அணைந்தாலும் கற்கள் பல மணி நேரம் சூட்டைப் பிடித்து வைத்திருக்கும். அவற்றின்மேல் ஒரு அகப்பை தண்ணீரை வீசினால் குப்பென்று எழும் ஆவியை லோய்லி என்பார்கள். பிர்ச் மரத்தின் இலைக்கொத்தால் முதுகிலும் காலிலும் அடித்துக்கொள்வதும் உண்டு. கோடையில் கட்டி உலர்த்திய கொத்துகள் குளிர்காலத்துக்கு ஆகும். பிறகு ஏரியில் ஒரு முங்கு, அல்லது வெறும் உடம்போடு பனியில் ஒரு புரளல்.

குளிப்பது அந்தக் குடிலின் ஒரு வேலைதான். அங்கே பார்லியை முளைகட்டி உலர்த்தினார்கள், ஆளி நார் காயவைத்தார்கள், இறைச்சிக்குப் புகை போட்டார்கள். பெண்கள் பிள்ளை பெற்றதும் அங்கேதான். இறந்தவரைக் கழுவி அனுப்பியதும் அங்கேதான். கிராமப்புறங்களில் இருபதாம் நூற்றாண்டு வரையிலும்கூடச் சவுனாவில் பிரசவம் நடந்திருக்கிறது. இதில் பெரிய மர்மம் எதுவும் இல்லை. பண்ணை முழுவதிலும் கதகதப்பு, வெந்நீர், தனிமை மூன்றும் ஒருசேரக் கிடைத்த இடம் அதுதான். சாராயமும் தாரும் சவுனாவும் தீர்க்காத நோய் சாவில்தான் முடியும் என்று பின்லாந்தில் ஒரு பழமொழி உண்டு. மாட்டுக்கொம்பைத் தோலில் பதித்து ‘கெட்ட ரத்தம்’ உறிஞ்சி எடுக்கும் மருத்துவச்சிகளும் சவுனாவில் வைத்துத்தான் வேலை செய்தார்கள். ஆகவே, கெட்டது ஏதோ உள்ளே இருக்கிறது, அதை வெளியே இழுக்க வேண்டும் என்ற எண்ணம் சவுனாவுக்குப் புதிதல்ல.

புகைபோக்கி வந்தது, நகரங்களில் கட்டணச் சவுனாக்கள் வந்தன. தம்பேரே நகரில் 1906-இல் திறந்த ராயபோர்ட்டி சவுனா இன்றும் இயங்குகிறது. 1936 பெர்லின் ஒலிம்பிக்குக்குப் போன பின்லாந்து அணியினருக்கு ஒலிம்பிக் கிராமத்திலேயே ஒரு சவுனா இருந்தது. அதைப் பார்த்து ஜெர்மானியர்களுக்கும் ஆசை பிறந்தது. 1938-இல் மெட்டோஸ் நிறுவனம் மின்சார அடுப்பைக் கொண்டுவந்தது. விறகும் புகையும் தேவையில்லை என்றானதும் சவுனா அடுக்குமாடிக் குடியிருப்புக்குள் ஏறியது. சுமார் 55 லட்சம் பேர் வாழும் நாட்டில் இன்று ஏறத்தாழ 30 லட்சம் சவுனாக்கள்! 2020-இல் யுனெஸ்கோவும் இந்தப் பண்பாட்டை மனிதகுலத்தின் மரபுப் பட்டியலில் சேர்த்தது.

இப்போது பிரபலமாகியிருக்கும் ‘இன்ஃப்ராரெட் சவுனா’ வேறு வயிற்றுப் பிள்ளை. அதன் முன்னோடியாக, அமெரிக்காவில் பேட்டில் கிரீக் சுகவாச நிலையம் நடத்திய ஜான் ஹார்வி கெல்லாக், 1890-களின் தொடக்கத்தில் மின்விளக்குகள் பதித்த பெட்டிக்குள் நோயாளிகளை உட்காரவைத்தார். ஆவியும் கல்லும் இல்லாத இதைப் பின்லாந்துக்காரர் சவுனா என்று ஒப்புக்கொள்வது கடினம்.

உடலில் தங்கிய இரசாயனங்களை வியர்வை வெளியேற்றும் என்ற நவீனக் கதைக்குப் பெரிய விளம்பரதாரர் ஒரு மருத்துவர்கூட அல்ல. சயின்டாலஜி அமைப்பை நிறுவிய அறிபுனை எழுத்தாளர் எல். ரான் ஹப்பர்ட் 1970-களின் இறுதியில் ‘சுத்திகரிப்பு’த் திட்டம் ஒன்றை வகுத்தார். போதைப்பொருளின் எச்சம் கொழுப்பில் ஆண்டுக்கணக்கில் தங்கிவிடுகிறது, அதை உருக்கி வெளியேற்ற வேண்டும் என்பது அவர் வாதம். ஓட்டம், மிக அதிக அளவில் நியாசின் வைட்டமின், எண்ணெய், நாளொன்றுக்கு ஐந்து மணி நேரம் வரை சவுனா, இப்படியே வாரக்கணக்கில் போகும். நியூயார்க் இரட்டைக் கோபுரத் தாக்குதலில் மீட்புப் பணி செய்தவர்களுக்கும் பின்னாளில் இதே முறையைக் கொடுத்தார்கள். மருத்துவ உலகம் இதை ஏற்கவில்லை. ஆனாலும் வியர்த்தால் விஷம் போகும் என்ற பேச்சு நலவணிகம் முழுக்கப் பரவிவிட்டது.

வியர்வைச் சுரப்பியின் வேலை உடம்பைக் குளிர்விப்பது. வியர்வையில் பெரும்பகுதி தண்ணீர், அடுத்தது உப்பு. ஈயம் போன்றவற்றின் தடயம் அதில் தென்படுவது உண்மை. அந்த ஒரு துணுக்கை வைத்துத்தான் விளம்பரங்கள் கோட்டை கட்டுகின்றன. நெடுநாள் தங்கும் மாசுகள் வியர்வை வழியே வெளியேறும் அளவைக் கனடாவின் ஒட்டாவா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018-இல் கணக்கிட்டார்கள். நாம் அன்றாடம் உட்கொள்ளும் மாசோடு ஒப்பிட்டால் அது பொருட்படுத்தத் தக்கதே அல்ல என்று முடிவானது. கழிவகற்றும் வேலையைக் கல்லீரலும் சிறுநீரகமும் பார்த்துக்கொள்கின்றன. மட்டுமீறி வியர்த்து உடம்பு வற்றினால் சிறுநீரகத்துக்குத்தான் சுமை கூடும்.

அதற்காகச் சவுனாவால் பயனே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். 80 முதல் 100 டிகிரி சூட்டில் தோலின் ரத்தக்குழாய்கள் விரிகின்றன, நாம் வேகமாக நடக்கும்போது துடிப்பதுபோல் இதயம் துடிக்கிறது. பின்லாந்தின் குவோபியோ பகுதியில் 2,315 நடுவயது ஆண்களைச் சுமார் 20 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். ஆய்வாளர் யாரி லௌக்கனென் குழு 2015-இல் வெளியிட்ட அந்த முடிவின்படி, வாரத்தில் நான்கு முதல் ஏழு முறை சவுனா போனவர்களிடம், ஒரே முறை போனவர்களைவிடத் திடீர் இதய மரணம் 63 விழுக்காடு குறைவு. அடிக்கடி போகிறவர்கள் ஏற்கெனவே திடமானவர்களாக இருந்திருக்கலாம் என்ற ஐயத்தை இத்தகைய ஆய்வு முழுதாகப் போக்காது. இருந்தாலும் நச்சுநீக்கம் என்ற கதையைவிட இது எவ்வளவோ உறுதியான தரையில் நிற்கிறது.

சூட்டை வீரமாக எடுத்துக்கொள்வது வேறு ஆபத்து. ஹெய்னோலா ஊரில் நடந்துவந்த உலக சவுனாப் போட்டியின் 2010 இறுதிச் சுற்றில், 110 டிகிரி சூட்டில் ஒரு போட்டியாளர் இறந்தார். போட்டி அதோடு நின்றது. நீங்கள் போவதானால் பத்துப் பதினைந்து நிமிடம் போதும், தலை சுற்றினால் உடனே வெளியே வாருங்கள், வந்ததும் தண்ணீர் குடியுங்கள். அண்மையில் மாரடைப்பு வந்தவர்களும் ரத்த அழுத்தம் மிகத் தாழ்ந்தவர்களும் மருத்துவரைக் கேட்காமல் உள்ளே போகக் கூடாது. மது அருந்தியிருந்தால் யாருமே போகக் கூடாது.