ஒலியைப் பகிர்ந்த விரியலாக்கிகள்: இல்ல இசைக்கருவி வரலாற்றில் ஒரு தாமதம்

தொழினுட்பத்தின் வரலாறு, சிறந்தது வென்ற வரலாறாகவே பெரும்பாலும் எழுதப்பட்டு வந்துள்ளது. இல்லங்களில் இசை கேட்பதற்கென அமைந்த உயர்தர ஒலிக்கருவிகளின் வரலாறு இக்கருத்தை ஐயுறச் செய்கின்றது. ஒலிபெருக்கியின் ஒவ்வோர் அலகுக்கும் தனித்தனி விரியலாக்கியை வழங்கும் முறை மேம்பட்டதென அறியப்பட்டிருந்தும், பல தசாப்தங்களாக அது பெரும்பாலான வீடுகளுக்குள் நுழையவில்லை. இத்தாமதத்தின் காரணங்கள் பொறியியலுக்கு அப்பாலும் தேடப்பட வேண்டியவை.

1925 இல் அமெரிக்கரான றைஸ், கெலொக் ஆகியோர் அசையுஞ் சுருள் ஒலிபெருக்கியை விளக்கிக் கட்டுரை வெளியிட்டனர். தாழ்ந்த மீடிறன்களை எழுப்ப அகன்ற கூம்பு வேண்டும். உயர்ந்த மீடிறன்களுக்குச் சிறிய, இலேசான மென்றகடு வேண்டும். ஒன்றே இரண்டையும் செவ்வனே ஆற்றுதல் அரிது. 1933 ஏப்பிரல் 27 ஆந் திகதி, பிலடெல்பியா இசைக்குழுவின் வாசிப்பைப் பெல் ஆய்வுகூடத்தினர் கம்பி வழியே வாசிங்டனுக்கு அனுப்பியபோது, அங்கிருந்த ஒலிபெருக்கித் தொகுதிகள் 300 ஹேர்ட்ஸ் அளவில் ஒலியை இரண்டாகப் பகிர்ந்தன. 1930களின் நடுப்பகுதியில் மெற்றோ கோல்ட்வின் மேயர் நிறுவனத்தின் ஷியரர் குழுவினர் இருவழி ஒலிபெருக்கியைத் திரையரங்குகளுக்கேற்ப உருவாக்கினர்.

இவ்வாறு பகிர்வதற்கு இரு வழிகள் உண்டு. ஒன்று, விரியலாக்கியிலிருந்து வெளிவரும் முழு வலுவையும் சுருள்கள், கொள்ளளவிகள் கொண்ட சுற்றினூடாகச் செலுத்திப் பிரிப்பது. இது பிற்பிரிப்பு எனப்படலாம். மற்றையது, மெலிந்த சைகையை முதலிலேயே பிரித்து, ஒவ்வொரு பகுதியையும் தனி விரியலாக்கிக்கு அனுப்புவது; இது முற்பிரிப்பு. ஒலித்துறையினர் முன்னையதைப் பாசிவ் என்றும் பின்னையதை அக்ரிவ் என்றும் வழங்குவர். பிற்பிரிப்பில் சுருளின் தடை வலுவை வீணாக்குவதோடு கூம்பின் அசைவின் மீது விரியலாக்கிக்குள்ள கட்டுப்பாட்டையும் தளர்த்துகின்றது. அலகு சூடேறித் தடை மாறுந்தோறும் பிரிப்பின் எல்லையும் வழுவுகின்றது.

முற்பிரிப்பின் நன்மையை ஓர் எளிய கணக்கால் உணரலாம். 8 ஓம் சுமைக்கு 25 உவாற்று வழங்கும் ஒரு தொனியின் உச்ச அழுத்தம் 20 உவோற்று. தாழ்தொனி ஒன்றும் உயர்தொனி ஒன்றும் இவ்வளவினவாக ஒரே விரியலாக்கியிற் சேரும்போது உச்சம் 40 உவோற்றை எட்டும். அதனைச் சிதைவின்றி வழங்க 100 உவாற்று விரியலாக்கி வேண்டும். தனித்தனியே வழங்கின் 25 உவாற்று விரியலாக்கிகள் இரண்டு போதும். தாழ்தொனியின் மிகைச்சுமை உயர்தொனியைச் சிதைப்பதுமில்லை.

ஆயினும் 1950களில் விரியலாக்கி என்பது வால்வுகளும் பாரமான வெளியீட்டு மின்மாற்றியுங் கொண்ட விலையுயர்ந்த பொருளாகும். ஹீத்கிற், மறான்ஸ் போன்ற நிறுவனங்கள் அப்பொழுதே முற்பிரிப்புக் கருவிகளை விற்றன. ஆர்வலர் சிலர் வாங்கினர். 1958 அளவில் ஸ்ரீரியோ இசைத்தட்டுகள் பரவத் தொடங்கியதும் செலவு இரட்டித்தது: இருவழித் தொகுதிக்கு நான்கு விரியலாக்கிகளும், மூவழித் தொகுதிக்கு ஆறும் தேவைப்பட்டன. விலையோடு வணிக அமைப்பும் தடையாயிற்று. ஒலிபெருக்கி செய்வோரும் விரியலாக்கி செய்வோரும் பெரும்பாலும் வெவ்வேறு நிறுவனத்தினர். விரும்பியதை விரும்பியதோடு இணைத்துப் பார்ப்பதும், ஒன்றை வைத்துக்கொண்டு மற்றையதை மாற்றுவதும் நுகர்வோரின் உரிமையாகவும் இன்பமாகவும் இருந்தன.

1970களில் திரான்சிற்றரும் தொகையிடு சுற்றும் செலவைக் குறைத்தன. 1976 இல் லிங்க்விற்ஸ் வெளியிட்ட ஆய்வு, றைலியோடு இணைத்து அறியப்படும் பிரிப்பு முறையை விளக்கியது. பிரிப்பு எல்லையில் இரு பகுதிகளும் ஒரே அவத்தையில், ஒவ்வொன்றும் பாதி அழுத்தமாக நின்று, கூட்டுமிடத்து முழுமையாகும் என்பதே அதன் சாரம். பிரித்தானிய ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் இரு படைப்புகள் அக்கால நிலையைத் தெளிவாகக் காட்டுகின்றன. கலையகங்களுக்கென அது உருவாக்கிய எல்.எஸ். 5/8 தனி விரியலாக்கிகளோடு முற்பிரிப்பைக் கொண்டது. சிறிய எல்.எஸ். 3/5ஏயோ பிற்பிரிப்புடையது, வீடுகளில் பெரும் புகழ் பெற்றதும் அதுவே.

இன்று சில்லுகளில் அடங்கும் விரியலாக்கிகளும் எண்முறைப் பிரிப்பும் வந்தபின், கம்பியில்லாச் சிறு ஒலிபெருக்கிகள் பலவற்றில் முற்பிரிப்பு இயல்பாக அமைந்துவிட்டது. வாங்குவோர் அதன் பெயரையும் அறியார். ஆனால் அவ்வெற்றிக்கு ஒரு விலையுமுண்டு. உள்ளிருக்கும் சுற்று பழுதானால் நல்ல கூம்பும் பெட்டியும் சேர்ந்தே பயனற்றுப் போகக்கூடும். பகுதியை மாற்றும் உரிமை நுகர்வோரிடமிருந்து நழுவியுள்ளது. எனவே பழைய தயக்கத்தை வெறும் அறியாமையெனத் தள்ளிவிடுதல் பொருந்தாது. தாம் வாங்கிய கருவி தம் கைக்குள் அடங்கியிருக்க வேண்டும் என்ற நியாயமான விருப்பமும் அத்தயக்கத்தினுள் இருந்தது.