இளைஞர்களும் வாக்குரிமையும்: வடசென்னைக் குடும்பங்கள் கவனிக்க வேண்டியவை

பிள்ளைக்குப் பதினெட்டு வயது நிறைந்ததும் நம் வீடுகளில் முதலில் நினைவுக்கு வருவது டிரைவிங் லைசென்ஸ், அடுத்தது பாஸ்போர்ட். வாக்காளர் பட்டியல் நினைவுக்கு வருவது தேர்தல் தேதி அறிவித்த பிறகுதான். வேட்புமனுத் தாக்கலின் கடைசி நாளுக்குப் பிறகு பட்டியலில் எந்தப் பெயரையும் சேர்க்கச் சட்டத்தில் இடமில்லை. அந்த நாளைத் தவறவிட்டவர் அந்தத் தேர்தலில் பார்வையாளர்தான்.

வாக்களிக்கும் வயது முன்பு 21 ஆக இருந்தது. அரசியல் சாசனத்தின் 61ஆவது திருத்தம் 1989 மார்ச் 28 முதல் அதை 18 ஆகக் குறைத்தது. உரிமை வந்ததே தவிர, பெயர் தானாகப் பட்டியலில் ஏறிவிடுவதில்லை. 2024 மக்களவைத் தேர்தலின்போது நாடு முழுவதும் பட்டியலில் இருந்த 18, 19 வயதினர் சுமார் 1.8 கோடிப் பேர். அந்த வயதினரின் மொத்த எண்ணிக்கையில் இது பாதிகூட இல்லை.

ஏற்கனவே ஏறிய பெயரும் நிலையானது அல்ல என்பதைச் சிறப்புத் தீவிரத் திருத்தம் காட்டியது. தமிழ்நாட்டில் 2025 நவம்பர் 4 அன்று தொடங்கிய அந்தப் பணியின் வரைவுப் பட்டியல் டிசம்பர் 19 அன்று வெளியானது. 6.41 கோடியாக இருந்த வாக்காளர் எண்ணிக்கை அதில் 5.43 கோடியாகச் சுருங்கியிருந்தது. விடுபட்ட 97 லட்சம் பேரில் இறந்தவர்கள் சுமார் 27 லட்சம். ஏறத்தாழ 66 லட்சம் பேர் இடம் மாறியவர்கள் அல்லது அந்த முகவரியில் காணப்படாதவர்கள் என்று குறிக்கப்பட்டவர்கள். சென்னை மாவட்டத்தில் மட்டும் 14 லட்சத்துக்கும் மேல்.

அந்த 66 லட்சத்தில் எப்படிப்பட்டவர்கள் இருப்பார்கள் என்பது எங்கள் சாத்தாங்காடு பக்கம் வசிப்பவர்களுக்குச் சொல்லாமலே விளங்கும். ராயபுரத்திலும் பழைய வண்ணாரப்பேட்டையிலும் வாடகை கட்டுப்படியாகாமல் தண்டையார்பேட்டை, அங்கிருந்து திருவொற்றியூர், பிறகு சாத்தாங்காடு, மணலி என்று நகர்ந்துகொண்டே இருக்கும் குடும்பங்கள் நாம். கேஸ் இணைப்பையும் ரேஷன் கார்டையும் மறக்காமல் மாற்றிவிடுவோம். வாக்கு மட்டும் பழைய தெருவிலேயே கிடக்கும். அதிகாரி அந்தக் கதவைத் தட்டும்போது வேறு யாரோ திறப்பார்கள்.

இன்னொரு சிக்கல் பெயர். ஒரே பையன் பள்ளிச் சான்றிதழில் முகமது, ஆதாரில் முஹம்மது, அத்தாவின் அட்டையில் மொகமது. இனிஷியல் ஒன்றில் முன்னால், இன்னொன்றில் பின்னால். பத்தாம் வகுப்புச் சான்றிதழ் வாங்கும்போதே எல்லாவற்றிலும் ஒரே எழுத்துக்கூட்டலை வைத்துக்கொண்டால் பின்னால் அலைச்சல் இருக்காது.

செய்ய வேண்டியது பெரிய காரியமும் இல்லை. புதிதாகப் பெயர் சேர்க்கப் படிவம் 6. வீடு மாறினாலும், பெயரிலோ வயதிலோ பிழை இருந்தாலும் படிவம் 8. முன்பு ஜனவரி 1 அன்று 18 நிறைந்திருந்தால்தான் சேர முடியும். 2022 முதல் ஜனவரி 1, ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1 என்று நான்கு தகுதி நாட்கள் உள்ளன. 17 வயது நிறைந்தவர் முன்கூட்டியே விண்ணப்பித்து வைக்கலாம். மதரஸாவிலோ கல்லூரி விடுதியிலோ தங்கிப் படிக்கும் பிள்ளை வீட்டு முகவரியிலும் சேரலாம், விடுதி முகவரியிலும் சேரலாம். ஆனால் ஏதாவது ஓர் இடத்தில்தான், இரண்டிலும் இருப்பது குற்றம். வளைகுடாவில் வேலை பார்க்கும் இந்தியக் குடிமக்களுக்குப் படிவம் 6-ஏ உண்டு. எனினும் அவர்கள் வாக்களிக்க, பாஸ்போர்ட்டோடு நேரில் வந்தாக வேண்டும். சந்தேகங்களுக்கு 1950 என்ற எண்.

"ஓட்டுப் போடுவதற்கும் மார்க்கத்துக்கும் என்ன சம்பந்தம் ஹஜ்ரத்?" என்று இளைஞர்கள் கேட்பதுண்டு. மஆரிஃபுல் குர்ஆன் ஆசிரியர் முஃப்தி முஹம்மது ஷஃபீ (ரஹ்) இதற்கு விரிவாக விளக்கம் அளித்திருக்கிறார். அவர் பார்வையில் வாக்கு என்பது ஒரே நேரத்தில் மூன்று: இவர் தகுதியானவர் என்ற சாட்சியம், இவரைத் தேர்ந்தெடுங்கள் என்ற சிபாரிசு, எங்கள் சார்பில் செயல்படுங்கள் என்ற வகாலத். சாட்சியத்தை மறைப்பதை அல்பகரா அத்தியாயத்தின் 283ஆவது வசனம் கண்டிக்கிறது. சாட்சியம் என்று ஏற்றுக்கொண்டால், காசு வாங்கிக்கொண்டு போடும் ஓட்டின் நிலை என்ன என்பதையும் சேர்த்தே யோசிக்க வேண்டும்.

இளைஞர்களைக் கலந்தாலோசனையில் சேர்ப்பதும் நமக்குப் புதிதல்ல. உமர் (ரலி) அவர்கள் பத்ருப் போரில் பங்கேற்ற மூத்தவர்களோடு இளைஞரான இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களையும் அமர்த்தியது ஸஹீஹுல் புகாரியில் உள்ள செய்தி. உமர் (ரலி) அவர்களுக்குப் பின் அடுத்த கலீஃபா யார் என்று முடிவு செய்யும் பொறுப்பு அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களிடம் வந்தபோது, அவர்கள் மதீனாவில் மக்களிடம் சென்று சென்று கருத்துக் கேட்டார்கள். வீட்டுக்குள் இருந்த பெண்களிடமும், மக்தபில் ஓதிக்கொண்டிருந்த சிறுவர்களிடமும்கூடக் கேட்டதாக இப்னு கஸீர் (ரஹ்) அல்பிதாயா வந்நிஹாயாவில் எழுதுகிறார்.

நம் பிள்ளைகளுக்கு அரசியல் உணர்வு இல்லை என்று சொல்பவர்கள் 2020 பிப்ரவரியை மறந்துவிட்டார்கள். குடியுரிமைத் திருத்தச் சட்டத்துக்கு எதிராகப் பழைய வண்ணாரப்பேட்டையில் பிப்ரவரி 14 அன்று தொடங்கிய தொடர் இருப்புப் போராட்டத்தில் கல்லூரி மாணவிகளும் கைக்குழந்தையோடு வந்த இளம் தாய்மார்களும் வாரக்கணக்கில் உட்கார்ந்திருந்தார்கள். கொரோனா வந்துதான் அதை நிறுத்தியது. ஆனால் அந்தச் சட்டம் மாநிலங்களவையில் நிறைவேறியது 125க்கு 105 என்ற கணக்கில். ஆதரித்து வாக்களித்தவர்களில் தமிழ்நாட்டு அதிமுக உறுப்பினர்களும் இருந்தார்கள். மாநிலங்களவை உறுப்பினர்களைத் தேர்ந்தெடுப்பவர்கள் சட்டமன்ற உறுப்பினர்கள், அவர்களைத் தேர்ந்தெடுப்பவர்கள் நாம். 2025 ஏப்ரலில் வக்ஃப் திருத்த மசோதா மக்களவையில் நிறைவேறியதும் 288க்கு 232தான். போராட்டக் களம் தேவையில்லை என்று நான் சொல்லவில்லை. களத்துக்கு வந்த பிள்ளையின் பெயர் பட்டியலிலும் இருந்திருக்க வேண்டும்.

ஒரு வாக்கில் என்ன ஆகிவிடும் என்பவர்களுக்கு இரண்டு கணக்குகள் போதும். 2016 சட்டமன்றத் தேர்தலில் ராதாபுரத்தில் அறிவிக்கப்பட்ட வித்தியாசம் 49 வாக்கு. 2021இல் தியாகராய நகரில் 137. ஒரு நடுத்தர மஹல்லாவின் இளைஞர்களே இதைவிட அதிகம்.

டெல்லியையும் கோட்டையையும் பற்றிப் பேசும் அளவுக்கு நாம் மாநகராட்சியைப் பற்றிப் பேசுவதில்லை. வடசென்னையில் அன்றாட வாழ்க்கையைத் தொடுவது அதுதான். 2016 அக்டோபருக்குப் பிறகு ஐந்து ஆண்டுகளுக்கும் மேலாகச் சென்னைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றமே இல்லை. 2022 பிப்ரவரி 19 அன்று தேர்தல் வந்தபோது நூற்றுக்கு 44 பேர்கூட வாக்களிக்கவில்லை. அந்தத் தேர்தலில் வென்று மேயரான பிரியா ராஜனுக்கு அப்போது வயது 28, திரு.வி.க. நகர்ப் பகுதியைச் சேர்ந்த எம்.காம். பட்டதாரி. கவுன்சிலராகப் போட்டியிட 21 வயது போதும் என்பது நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்?

வாக்குச்சாவடிக்கு வெளியிலும் கதவுகள் உண்டு. வார்டுகளில் பகுதி சபைக் கூட்டங்கள் 2022 நவம்பர் 1 முதல் நடக்கின்றன. குடிநீர், கழிவுநீர், தெருவிளக்கு எதையும் அங்கே எழுப்பலாம். 2023 டிசம்பரில் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் படர்ந்ததும், அதே மாதம் 26 இரவு பெரியகுப்பத்தில் அம்மோனியா கசிந்து மக்கள் வீட்டைவிட்டு ஓடியதும் நம் கண்முன் நடந்தவை. பெரிய ஆலைகள் பலவற்றை அமைக்கவோ விரிவாக்கவோ பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்த வேண்டும் என்பது 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை. 30 நாட்களுக்கு முன்பே அறிவிப்பு வரும். அங்கே பேச வாக்காளர் அட்டை தேவையில்லை, அந்தப் பகுதியில் வாழ்ந்தால் போதும். அறிக்கையைப் படித்துவிட்டுப் போகும் பொறியியல் மாணவனின் கேள்வி பத்துப் பேர் கூச்சலைவிடக் கனமாக இருக்கும்.

ஜமாஅத்துகள் இதில் என்ன செய்யலாம்? எல்லை ஒன்று உண்டு. மதத்தின் பெயரால் வாக்குக் கேட்பது ஊழல் நடவடிக்கை என்று 2017 ஜனவரி 2 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு பெரும்பான்மையாகத் தீர்ப்பளித்தது. வழிபாட்டுத் தலங்களை அரசியல் நடவடிக்கைக்குப் பயன்படுத்துவதை 1988ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. ஆகவே மிம்பரில் இன்னாருக்குப் போடுங்கள் என்று சொல்லக் கூடாது. பெயரைச் சேருங்கள் என்று தாராளமாகச் சொல்லலாம். இன்னொன்றையும் சொல்லத்தான் வேண்டும்: நோன்புக் கஞ்சி ஊற்றவும் பெருநாளன்று வண்டி நிறுத்த இடம் காட்டவும் மட்டும் இளைஞர்களை அழைத்துவிட்டு, பொதுக்குழுவில் பின்வரிசையில்கூட உட்கார வைக்காத நிர்வாகம் அவர்களுக்கு ஜனநாயகம் பற்றி என்ன சொல்லிக் கொடுக்க முடியும்?

மஹல்லாவுக்குள் யார் வந்தார்கள், யார் போனார்கள் என்பது அரசைவிட ஜமாஅத்துக்கு நன்றாகத் தெரியும். நிக்காஹ் தஃப்தரிலும் சந்தாப் புத்தகத்திலும் அது இருக்கிறது. வேறு மஹல்லாவுக்கு மணமாகிப் போகும் பெண்ணுக்கும், வீடு மாறிப் போகும் குடும்பத்துக்கும் கடிதம் எழுதிக் கொடுக்கும் அன்றே படிவம் 8ஐயும் நிரப்பிக் கொடுத்துவிடலாம். மக்தபில் பதினேழு வயதைக் கடந்த மாணவர்களின் பட்டியலை எடுத்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை இரண்டு இளைஞர்களை ஒரு மடிக்கணினியோடு உட்கார வைத்தால் படிவம் 6 வேலையும் முடியும்.