தனிக்குரலும் கூட்டு மேளமும்: சப்பிரகமுவத் தோட்டங்களின் இசை மரபு பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

இசைக் கலைஞன் ஒருவனின் ஆற்றல் தனித்து நிற்கும்போது மிகுதியாக ஒளிர்கின்றதா, குழுவொன்றில் இணைந்து நிற்கும்போது மிகுதியாக ஒளிர்கின்றதா என்னும் வினா, மேலைநாட்டு ரொக் இசை இரசிகரிடையே நெடுங்காலமாக விவாதிக்கப்பட்டு வருவதாகும். 1970ஆம் ஆண்டில் லிவர்ப்பூல் நகரத்துப் பீற்றில்ஸ் குழு பிரிந்தபோது இவ்வினா கூர்மை பெற்றது. குழுவின் இசைத்தட்டுகளில் சில பாடல்களுக்கே இடம்பெற்று வந்த ஜோர்ஜ் ஹரிசன், அவ்வாண்டின் நவம்பர் மாதத்திலேயே மூன்று தட்டுகள் கொண்ட பெருந்தொகுப்பொன்றைத் தம் பெயரால் வெளியிட்டார். குழு அவரை மறைத்து வைத்திருந்தது என்பார்க்கு இது தக்க சான்றாயிற்று. ஆயினும் அத்தொகுப்பில் மேளம் வாசித்தோருள் அவருடைய பழைய தோழர் றிங்கோ ஸ்டாரும் ஒருவர். தனியாள் படைப்பு எனப்பட்டதன் பின்னாலும் பல கைகள் இருந்தன என்பது மனங்கொள்ளத்தக்கது.

இவ்விவாதத்தின் இரு தரப்பினரும் ஓர் எடுகோளைப் பொதுவாகக் கொண்டுள்ளனர். குழுவில் இருப்பதா, விலகுவதா என்று தெரிவு செய்யும் உரிமை கலைஞனுக்கு உண்டு என்பதே அது. அவ்வுரிமை இல்லாதார் நடுவே இதே வினாவை எழுப்பினால் விடை எவ்வாறு அமையும்? இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்கள் அடங்கிய சப்பிரகமுவப் பிரதேசத்தின் தோட்டங்களில் வாழ்ந்த தமிழ்த் தொழிலாளரின் இசை வரலாறு இதற்கு விடை காண உதவுகின்றது. அங்கே குழுவைக் கலைத்தது கலைஞரின் விருப்பமன்று. சட்டமும் பசியும் வன்செயலுமே அதைக் கலைத்தன. அதன் பின் எஞ்சியதைக் கொண்டே தனியாளின் ஆற்றல் எதன்மேல் நின்றது என்பதை உணரக்கூடியதாக உள்ளது.

சப்பிரகமுவத் தோட்டங்களின் அமைப்பு நுவரெலியா மாவட்டத் தோட்டங்களின் அமைப்பினின்றும் வேறுபட்டது. அட்டன், தலவாக்கலைப் பகுதிகளில் ஒரு தோட்டத்தின் எல்லை மறு தோட்டத்தின் எல்லையைத் தொட்டு நிற்கும். பலாங்கொடை, இறக்குவானை, காவத்தை, எட்டியாந்தோட்டை, தெரணியகலை முதலிய இடங்களிலோ சிங்களக் கிராமங்களும் வயல்களும் இடையிட, தோட்டங்கள் சிதறிக் கிடக்கின்றன. தேயிலையோடு இறப்பரும் இங்குப் பெருமளவிற் பயிராகின்றது. இறப்பருக்குத் தேயிலையிலும் பார்க்க ஏக்கருக்குக் குறைந்த தொழிலாளரே போதுமாதலின், லயங்களிற் குடியிருந்தோர் தொகையும் அதற்கேற்பச் சுருங்கியிருந்தது.

தொழில்முறையிலும் வேறுபாடு உண்டு. தேயிலை மலையில் கொழுந்து பறிக்கும் பெண்கள் நிரை பிடித்து அருகருகே நகர்வர்; ஒருத்தி எடுத்த பாட்டை அடுத்தவள் தொடர்தல் இயல்பு. இறப்பர்த் தோட்டத்திற் பால் வெட்டுபவரோ விடியற்காலையில் தமக்கெனப் பிரித்து விடப்பட்ட மரங்களிடையே தனியே நடக்கின்றார். கூட்டுப் பாட்டுக்குரிய களம் ஒன்று, தனிக்குரலுக்குரிய களம் மற்றொன்று என இரண்டும் இப்பிரதேசத்தில் அருகருகே அமைந்திருந்தன. தெம்மாங்கும் தாலாட்டும் ஒருவர் குரலிலேயே நிறைவு பெறுவன. கும்மியும் கோலாட்டமும் கூட்டமின்றி நிகழா. ஒப்பாரியோ இரண்டிற்கும் இடைப்பட்டது. இழந்தவளின் தனித்துயரம் அதன் பொருள், தோள் கோத்து அமர்ந்த பெண்களின் வட்டம் அதன் வடிவம்.

தோட்டத்து இசையின் உயிர்நாடி தப்பு என்னும் தோற்கருவியாகும். விடியலில் தொழிலாளரைப் பிரட்டுக்கு அழைக்கவும், திருவிழாவிற் கரகத்தையும் காவடியையும் நடத்திச் செல்லவும், இறந்தவரை இடுகாடு வரை கொண்டு சேர்க்கவும் அதுவே ஒலித்தது. தனியொரு தப்பு செய்தியை அறிவிக்கும்; ஆட்டத்தை எழுப்ப அதனால் இயலாது. நெருப்பில் தோலைக் காய்ச்சி இறுக்கிக்கொண்டு பலர் சேர்ந்து நிற்கையில், சிலர் அடிப்படைத் தாளத்தைப் பிடித்துக்கொள்ள, கைதேர்ந்தவர் அதன் இடைவெளிகளிற் புகுந்து விளையாடுவார். கேட்போர் அவரையே வியப்பர். அவர் துணிந்து தாளத்தை விட்டு விலகித் திரும்பி வருவதற்கு, விலகாது நிற்கும் மற்றவர்களே காரணம் என்பதைத் தப்படிப்போர் அறிவர்.

இவ்வுறவு விரிவாகப் புலப்படுவது கூத்துகளிலாகும். மலையகத் தமிழரிடையே காமன் கூத்து, அருச்சுனன் தபசு, பொன்னர் சங்கர் ஆகிய மூன்றும் சிறப்பிடம் பெற்றவை. மாசி மாதத்து அமாவாசையை அடுத்துக் காமன் ஊன்றப்படுகின்றது. பௌர்ணமியையொட்டிக் காமதகனம் நிகழ்கின்றது. இடைப்பட்ட நாள்களில் ரதியும் மன்மதனும் லயந்தோறும் ஆடி வருவர். சிவன், தக்கன், வீரபத்திரன், யமன், தூதன், குறவன், குறத்தி, கோமாளி எனப் பாத்திரங்கள் பெருகும். பாட்டும் கதையும் கூத்து வாத்தியாரின் நினைவில் இருந்தன. பின்பாட்டுக்காரர், தப்படிப்போர், ஒப்பனை செய்வோர், விரதங்காப்போர், விடிய விடிய விழித்திருந்து அடுத்த அடியைத் தாமே எடுத்துக் கொடுக்கும் முதியோர் ஆகிய அனைவரும் கூத்தின் உறுப்பினரே.

மன்மதன் எரிந்தபின் ரதி புலம்பும் கட்டத்தை நோக்குவோம். பெண்வேடம் பூண்ட ஓர் இளைஞரே அங்கு முழுக் களத்தையும் ஆள்கின்றார். தனியாளின் ஆற்றல் உச்சத்தைத் தொடும் இடம் இதுவே. எனினும் பல நாள் ஆட்டமும், தூது சென்ற பாட்டும், சிவனின் சினமும் முன்னே நிகழ்ந்திராவிடில் அப்புலம்பலுக்குப் பொருளில்லை. தனிக்குரலுக்கு மற்றவர் கட்டிக் கொடுத்த மேடை அது.

இதனாற் குழுவைக் குறையற்றதெனக் கொள்ளுதல் வரலாற்றுக்கு நேர்மையாகாது. முதலாவதாக, தோட்டத்துக் குழு சமத்துவக் குழுவன்று. தப்படித்தல் குறித்த சாதியினர் மீது கடமையாகச் சுமத்தப்பட்டிருந்தது. ரதி மன்மதனுக்குக் கிடைத்த மரியாதை, அவர்களை ஆடவைத்த கைகளுக்குக் கிடைக்கவில்லை. பிற்காலத்தில் கல்வி கற்ற இளைஞர் பலர் தப்பைத் தொடத் தயங்கியதன் காரணமும் இதுவே. இரண்டாவதாக, கூத்துக் களத்தில் ஆடும் உரிமை ஆண்களுக்கே இருந்தது. ரதியின் துயரையும் ஆணே பாடினார். மூன்றாவதாக, குழு தன் கலைஞரைப் பெயரற்றவராக்கியது. தம் காலத்தில் பல தோட்டங்களிலிருந்து மக்களை ஈர்த்த ஆட்டக்காரர்கள் இன்று பெயரின்றி மறைந்துவிட்டனர்.

தனிக்குரலின் வலிமைக்கு மலையக வரலாற்றிலேயே சிறந்த சான்று உண்டு. 1931இல் இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை நிறுவிய கோ. நடேசய்யரின் துணைவியார் மீனாட்சி அம்மையார், தொழிலாளர் கூட்டங்களிற் பாடிய பின்னரே பேச்சு தொடங்குதல் வழக்கமாயிருந்தது. 1940இல் அவருடைய பாடல்கள் ‘இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை’ என்னும் பெயரில் நூலாயின. கூத்துக் களம் பெண்ணுக்கு மறுத்த இடத்தை மேடை அவருக்கு அளித்தது. அவர் பெயர் நிலைத்தது. பாடல்களும் அச்சில் நிலைத்தன. எனினும் மக்கள் முன்னரே அறிந்திருந்த மெட்டுகளிலேயே அவர் தம் சொற்களை அமைத்தார். கேட்டவர் உடனே திருப்பிப் பாடத்தக்கதாயிருந்தமையே அப்பாடல்களின் வெற்றி. தனிக்குரலாக எழுந்தது கூட்டுக்குரலாக முடிந்தது.

இனி, குழுக்கள் கலைந்த வரலாற்றை நோக்குவோம். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழருட் பெரும்பாலாரை நாடற்றவராக்கியது. 1964 ஒக்டோபர் 30ஆம் நாள் கைச்சாத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 975,000 பேரின் எதிர்காலத்தை எண்களாற் பங்கிட்டது. 525,000 பேர் இந்தியாவுக்கும், 300,000 பேர் இலங்கைக்கும் உரியவராயினர். எஞ்சிய 150,000 பேரும் 1974இல் இரு நாடுகளுக்கும் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். குடும்பங்களையே பிரித்த இவ்வொப்பந்தம் கூத்துக் குழுக்களைப் பிரிக்காது விட்டிருக்க முடியாது. தலைமன்னாரிற் கப்பலேறியவருள் வாத்தியார் ஒருவர் இருந்தால் அவரோடு கூத்தின் கதையும் பாட்டும் சென்றன. தப்படிப்போர் சென்றால், எஞ்சிய வாத்தியாரிடம் பாட்டு இருந்தும் ஆட்டம் இல்லை.

ஒப்பந்தத்தைத் தொடர்ந்து பசி வந்தது. 1973, 1974ஆம் ஆண்டுகளின் உணவுத் தட்டுப்பாடும், 1972ஆம், 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தங்களை ஒட்டி நிகழ்ந்த வெளியேற்றங்களும் தொழிலாளர் பலரைத் தோட்டங்களைவிட்டு நகரத் தெருக்களுக்குத் தள்ளின. 1977 ஓகஸ்ற் மாதத்து வன்செயல்கள் சப்பிரகமுவத் தோட்டங்களையும் தாக்கின. 1981 ஓகஸ்ற் மாதத்தில் இரத்தினபுரி, காவத்தை, இறக்குவானைப் பகுதிகளில் லயங்கள் மீண்டும் தாக்குதலுக்குள்ளாயின. கிராமங்களின் நடுவே சிதறிக் கிடந்த தோட்டங்களில் ஓடி ஒளிய அடுத்த தோட்டமும் அண்மையில் இல்லை. வாழ்ந்தவருட் பலர் வவுனியா, கிளிநொச்சி முதலிய வடபுலத்து இடங்களுக்குச் சென்று புதிதாகக் குடியேறினர். லயத்தில் ஏற்கெனவே ஆள்தொகை குறைந்திருந்த நிலையில், சில குடும்பங்கள் நீங்கினாலே ஒரு கூத்துக்கு வேண்டிய ஆட்கள் இல்லாது போயினர்.

இவ்விடத்தில் அதே மண்ணின் மற்றொரு மரபோடு ஒப்பிடுதல் பயனுடைத்து. இரத்தினபுரிச் சமன் தேவாலயத்தின் பெரஹராவில் ஒலிக்கும் தவுல என்னும் மேளமும், அதனோடு இயைந்த சப்பிரகமுவ நடனமும் சிங்கள மக்களின் பெருமைக்குரிய கலைகளாகும். தேவாலயக் காணியை அனுபவித்த குடும்பங்கள் அதற்கு ஈடாக ஊழியம் புரியும் வழக்கம் அம்மேளக்காரரைத் தலைமுறை தலைமுறையாக ஓரிடத்தில் நிலைபெறச் செய்தது. அங்கும் மேளக்காரர் சாதியடுக்கின் கீழ்ப்படியிலேயே வைக்கப்பட்டிருந்தனராயினும் அவர்களுக்கு நிலத்தோடு பிணைப்பு இருந்தது. தோட்டத்துத் தப்படிப்போருக்கு அடிக்கும் கடமை இருந்தது, காணி இல்லை. குடியிருந்த லயத்து அறையும் தோட்டத்திற்கே சொந்தம். ஆகவே ஒரு மரபு நிலைத்ததும் மறு மரபு சிதறியதும் கலைஞரின் ஆற்றலைப் பொறுத்தனவல்ல என்பது தெளிவாகின்றது.

சிதறியபின் எஞ்சியவை எவை? 1947இல் தலவாக்கலையின் பாராளுமன்ற உறுப்பினராகத் தெரிவான சி. வி. வேலுப்பிள்ளை, பல்லாண்டு முயன்று திரட்டிய தோட்டத்துப் பாடல்களை 1983இல் ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ என நூலாக்கினார். அரிய தொண்டு அது. எனினும் ஏட்டின் இயல்பொன்றை ஈண்டுக் கருதல் வேண்டும். ஒருவர் பாடுவதை மற்றொருவர் எழுதிக்கொள்ளலாம்; பலர் சேர்ந்து அடிக்கும் தப்பின் பின்னலை எழுத்தில் பிடித்தல் அரிது. ஆகவே தாளிற் தங்கியவை பெரும்பாலும் தனிக்குரலுக்குரிய சொற்களே. அவற்றை மட்டும் படிக்கும் மாணவர், தோட்டத்து மக்கள் தனித்தனியே இருந்து சோகம் பாடியவர் என்று எண்ணக்கூடும். கூட்டு மேளம் எழுதப்படாமையினாலேயே அது பெரிதாக இருந்ததில்லை என முடிவு செய்தல் பிழையாகும்.

இதே போக்கு ஒலிப்பதிவுக் காலத்திலும் தொடர்ந்தது. 1970களில் இலங்கைத் தமிழ்ப் பொப்பிசை பரவியபோது நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன் ஆகியோரின் பெயர்கள் வீடுதோறும் வழங்கின. அவர்களுக்குப் பின்னின்று கிற்றாரும் மேளமும் வாசித்தோரின் பெயரைக் கேட்டறிந்தவர் மிகச் சிலரே. தோட்டத்துத் திருவிழா மேடைகளிலும் மின்கருவி இசைக்குழுக்கள் இடம்பிடித்தன. அங்கே பாடகர் ஒளிவிளக்கின் கீழ் நிற்க, தப்பு மேடைக்குக் கீழே ஊர்வலத்தோடு நின்றுவிட்டது.

மேற்கூறியவற்றால் பெறப்படுவது யாதெனில், கலைஞனின் ஆற்றல் கண்ணுக்குப் புலப்படுவது தனித்து நிற்கும் கணத்திலேயே. அக்கணத்தை ஆக்குவதும் மறுநாளும் நிகழச் செய்வதும் குழுவே என்பதாகும். ஹரிசன் ஒரு குழுவைவிட்டு நீங்கி மற்றொரு குழுவைத் தாமே கூட்டிக்கொள்ள முடிந்தது. சப்பிரகமுவத்து ரதியாட்டக்காரருக்கு அவ்வாய்ப்பு இல்லை. கப்பலில் நீலகிரிக்குச் சென்றாலும், அடிபட்டு வவுனியாவுக்குச் சென்றாலும், அவருடைய குரலும் கால்களும் அவரோடு சென்றன. அவை ஒளிரத் தேவையான மற்றவர்கள் உடன் செல்லவில்லை. அவ்வாறு மங்கியதைத் திறமைக் குறைவென்று எழுதுவோமாயின் சட்டத்தின் குற்றத்தைக் கலைஞன் தலையிற் சுமத்தியவராவோம்.

பெலிகுலோயாவில் எழுந்துள்ள சப்பிரகமுவப் பல்கலைக்கழகத்திலிருந்து பலாங்கொடைத் தோட்டங்கள் வெகு தொலைவில் இல்லை. கூத்தைக் கண்டவரும் ஆடியவரும் முதுமையில் இன்னும் சிலர் உளர். அவர்களை நாடிச் செல்லும் மாணவர், பாட்டை மட்டும் எழுதிக்கொண்டு திரும்புதல் போதாது. பின்பாட்டுப் பாடியவர் யார், தப்புக் காய்ச்சியவர் யார், ரதியின் புலம்பலின்போது தாளத்தை விடாது பிடித்து நின்றவர் யார் என்றும் வினவுதல் வேண்டும். அவர்தம் பெயர்கள் தாளேறும்வரை மலையக இசையின் வரலாறு பாதி வரலாறாகவே இருக்கும்.