கலந்தது கிரசி

கிரேக்க நாட்டில் சிறு உணவகத்துக்குத் ‘தவேர்னா’ என்று பெயர். அங்கே திராட்சை மதுவுக்கு இரண்டு பெயர் இருப்பதைக் கவனிக்கலாம். புட்டியில் ஒட்டிய தாளில் ‘ஈனோஸ்’ என்றிருக்கும். பரிமாறுபவரோ ‘கிரசி’ வேண்டுமா என்றுதான் கேட்பார். பீப்பாயிலிருந்து பிடித்துத் தருவதென்றால் அளவும் கிலோதான்: அரைக் கிலோ கிரசி, கால் கிலோ கிரசி. ஈனோஸ் மிகப் பழைய பெயர். மூவாயிரம் ஆண்டுக்கு முந்தைய மைசீனியக் களிமண் பலகைகளிலேயே அதன் முன்வடிவம் பதிவாகியிருக்கிறது. அப்படிப்பட்ட சொல் இன்று ஒட்டுத்தாளிலும் கடைப் பலகையிலும் தேவாலயத்திலும் ஒதுங்கிக் கிடக்கிறது. பேச்சை ஆள்வது கிரசி.

கிரசியின் தாய்ச்சொல் ‘கிராசிஸ்’. கலத்தல் என்று பொருள். பழைய கிரேக்கர் மதுவைத் தண்ணீர் விட்டுத்தான் குடித்தார்கள். கலக்காமல் குடிப்பது காட்டுமிராண்டித்தனம் என்பது அவர்கள் எண்ணம். விருந்து நடக்கும் இடத்தில் நடுநாயகமாக ஒரு பெரிய பாத்திரம் இருக்கும். மதுவும் நீரும் அதில்தான் சேரும். அதன் பெயர் ‘கிராதேர்’, கலக்கும் கலம். எரிமலை வாய்க்கு ஆங்கிலம் வழங்கும் ‘கிரேட்டர்’ அந்தப் பாத்திரம்தான். எத்தனை பங்குக்கு எத்தனை பங்கு என்பதில் ஆளுக்கொரு கணக்கு. பழங்கவிஞர் ஹெசியோட் மூன்று பங்கு நீருக்கு ஒரு பங்கு மது என்கிறார். ஹோமரின் ஒடிசியில் மாரோன் என்ற பூசாரி தரும் மதுவுக்கு 20 பங்கு நீர் வேண்டியிருக்கிறது! காவியத்தின் மிகைதான், ஆனாலும் கலப்பது வழக்கம் என்ற அடிப்படை இல்லாமல் இந்த மிகை பிறந்திருக்காது. ஸ்பார்ட்டாவின் அரசன் கிளியோமினஸ் பித்துப் பிடித்துச் செத்ததற்கு அவன் ஊர்க்காரர்கள் சொன்ன காரணத்தை வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதிவைத்திருக்கிறார்: சித்திய நாட்டுத் தூதர்களோடு பழகி, அவர்களைப்போல் நீர் கலக்காமல் குடிக்கக் கற்றுக்கொண்டானாம். அதன்பின் ஸ்பார்ட்டாவில் யாருக்காவது கொஞ்சம் காட்டமாக வேண்டுமென்றால், சித்தியர் பாணியில் ஊற்று என்பார்களாம்.

இலக்கணக்காரர்களும் கிராசிஸை விடவில்லை. ஒரு சொல்லின் ஈற்றுயிரும் அடுத்த சொல்லின் முதலுயிரும் கலந்து ஒன்றாவதற்கு அதே பெயரை வைத்தார்கள். நாம் புணர்ச்சி என்கிறோம், அவர்கள் கலப்பு என்றார்கள்.

செயலின் பெயர் மெல்லப் பொருளுக்கு ஏறியது. பிற்காலக் கிரேக்கத்தில் ‘கிரசியொன்’ ஆகி, வால் அறுந்து கிரசி ஆனது. வேடிக்கை என்னவென்றால், இன்று தவேர்னாவில் கிரசியில் தண்ணீர் ஊற்றுபவரைக் காண்பது அரிது. கலப்பு என்று பெயர் சொல்லிக் கலக்காமல் குடிக்கிறார்கள். பழைய வழக்கம் தப்பிப் பிழைத்திருக்கும் இடம் ஆர்த்தடாக்ஸ் தேவாலயம். அங்கே வழிபாட்டின்போது கிண்ணத்து மதுவில் வெந்நீர் சேர்ப்பது இன்றும் சடங்கு.

மதுவோடு கூடவே வரும் தண்ணீருக்கு ‘நெரோ’ என்று பெயர். தமிழ்க் காதுக்கு இது ஆபத்தான சொல். ‘நீர்’ என்று கேட்டுவிட்டு, கடல் கடந்த உறவு என்று கட்டுரை எழுதிவிடத் தோன்றும். எழுதக்கூடாது. பழங்கிரேக்கத்தில் நீருக்குப் பெயர் ‘ஹுடோர்’. ஹைட்ரஜனுக்குள் இருப்பது அதுதான். ‘நெயரோன் ஹுடோர்’ என்றால் புதுநீர். நாளடைவில் பெயர் உதிர்ந்து அடைமொழி மட்டும் நின்றது. அந்த ‘நெயரோன்’ சுருங்கியதே நெரோ. புதிது என்பது மறந்து, எந்தத் தண்ணீரும் நெரோ ஆயிற்று. உறவு வேண்டுமென்றால் ஒலியில் தேட வேண்டாம், போக்கில் தேடலாம்: நாமும் ‘சுடுதண்ணீர்’ என்கிறோமே, அதில் தண்மை எங்கே போயிற்று?

தட்டில் மீன் இருந்தால் அது ‘ப்சாரி’. பழைய சொல் ‘ஓப்சோன்’. ரொட்டிக்குத் தொட்டுக்கொள்ளும் எதற்கும் அது பொதுப்பெயர், நம் தொடுகறி. அதன் சிறுமை வடிவமான ‘ஓப்சாரியொன்’ மீனுக்கே உரியதாகிப் ப்சாரியானது. கறி என்றால் ஆட்டிறைச்சி என்று புரிந்துகொள்ளும் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

இன்று கிரேக்கர் மேசையில் வழக்கமாகத் தண்ணீர் சேரும் பானம் ‘ஊசோ’. சோம்பு மணக்கும் சாராயம். சோம்பின் எண்ணெய் சாராயத்தில் கரையும், நீரில் கரையாது. அதனால் நீர் பட்டதும் கண்ணாடிபோல் இருந்தது பால்நிறமாகிவிடும். கலப்பு என்ற பெயர் இதற்கல்லவா பொருந்தும்! ஊசோ என்ற பெயரோ இழுபறியில் இருக்கிறது. துருக்கியில் திராட்சையைக் குறிக்கும் ‘உசூம்’ என்ற சொல்லிலிருந்து வந்தது என்பார்கள். மார்சேய் துறைமுகத்துக்கு அனுப்பிய பட்டுப்பூச்சிக் கூட்டுப் பெட்டிகளில் இத்தாலிய மொழியில் ‘உசோ’ என்று முத்திரையிட்டிருந்ததாம், முதல்தரச் சரக்கு என்பதற்கு அது அடையாளமாகி, நல்ல சாராயத்துக்கும் பெயரானது என்ற கதையும் உண்டு. பெட்டிக் கதை இவ்வளவு ருசியாக இருப்பதாலேயே எனக்கு அதன்மேல் சந்தேகம்.