ஜன்னலுக்குச் சட்டம் உண்டு, ட்ரில்லுக்கு?

மேல் வீட்டில் தரையைப் பெயர்த்து டைல்ஸ் மாற்றுகிறார்கள். மூன்றாவது வாரம். நேற்று எதிர் வீட்டு அக்கா மாடிப்படியில் நின்று கூப்பிட்டார்: "ஏனுங் மேஸ்திரி, எங்கூட்டுப் பெரியவருக்கு ஆபரேசன் பண்ணிருக்குது. சித்த நேரம் நிறுத்துங்களே." மேஸ்திரி நிறுத்தினார். "சதுர அடிக் கணக்குக் கூலிங்க்கா, நின்னா எனக்குத்தான் நட்டம்" என்று சொல்லிவிட்டுத்தான் நிறுத்தினார்.

சட்டப்படி அவர் நிறுத்த வேண்டுமா என்று தேடப் போய், 1882இல் போய் விழுந்தேன். அந்த வருடத்து இந்திய ஈஸ்மென்ட் சட்டத்தின் 18ஆம் பிரிவில் ஓர் உதாரணம் இருக்கிறது. ஒரு ஊரில் வழக்கம் அப்படி இருந்தால், பக்கத்து வீட்டின் மறைவான பகுதி தெரியும்படி யாரும் புது ஜன்னல் திறக்கக்கூடாது. அந்தரங்கம் என்ற சொல் அரசியல் சாசன உரிமையாக உச்ச நீதிமன்றத்தில் நிலைபெற்றது 2017இல். ஜன்னலோ அதற்கு 135 வருடம் முன்பே சட்டத்துக்குள் வந்துவிட்டது!

ஆனால் வழக்கத்தை நிரூபிக்க வேண்டும், அங்குதான் சிக்கல். 1888இல் அலகாபாத் உயர் நீதிமன்றம் கோஷா முறை நிலவிய அந்தப் பகுதிக்கு அந்த வழக்கத்தை ஏற்றுக்கொண்டது. சென்னை உயர் நீதிமன்றம் அதற்கு முன்பே, ஜன்னல் வழியாகப் பார்வை விழுவது மட்டும் வழக்குக்குப் போதாது என்ற பக்கம் நின்றிருந்தது.

கொங்கு நாட்டுக்காரர்கள் இந்தக் கேஸைக் கோர்ட்டுக்குக் கொண்டுபோகத் தேவையும் இருந்திருக்காது என்பது என் ஊகம். தொட்டிக்கட்டு வீட்டுக்கு வெளிச்சம் உள்ளிருந்தே வரும். வெளியாளுக்குத் திண்ணை, பெண்களின் புழக்கத்துக்குப் பொடக்காலி. பார்வையை வீட்டின் அமைப்பே தடுத்துவிட்டது.

அதே 1888இல்தான் ஸ்டேன்ஸ் துரையின் நூற்பாலைக் கம்பெனி கோவையில் தொடங்கியது. 1930களில் பைக்காரா மின்சாரம் வந்ததும் மில்கள் பெருகின. கூடவே லைன் வீடுகளும். ஒரே சுவருக்கு இந்தப் பக்கம் ஒரு குடும்பம், அந்தப் பக்கம் இன்னொன்று. சண்டையும் தாலாட்டும் சுவர் தாண்டிக் கேட்கும். ஊர் முழுக்க எழுப்பும் மில் சங்கை யாரும் இரைச்சல் என்று சொன்னதில்லை, அதுதான் கடிகாரம்.

நகரமைப்புச் சட்டத்தின் கவலை வேறு. 1915இல் பேட்ரிக் கெடிஸ் கோவைக்கு ஓர் அறிக்கை எழுதினார். 1920இல் மதராஸ் நகரமைப்புச் சட்டம் வந்தது. பிளேக் அடித்த ஊருக்குக் காற்று வேண்டும், சாக்கடை வேண்டும், அகலமான தெரு வேண்டும். ஆர்.எஸ்.புரம் போன்ற விரிவாக்கங்களில் வீட்டைச் சுற்றி இடம் விட்டார்கள். காற்றுக்காக விட்ட இடம் அந்தரங்கத்தையும் சேர்த்துக் கொடுத்தது, யாரும் கேட்காமலே.

அபார்ட்மென்ட் அதை ஒரே அடியில் காலி செய்தது. கட்டடத்தைச் சுற்றி விட வேண்டிய இடத்தை அடிக்கணக்கில் அளக்கும் விதிக்கு, பக்கத்து வீட்டுக்காரர் தலைக்கு மேலே குடிவருவார் என்ற யோசனையே இல்லை.

இரைச்சலுக்கு 2000ஆம் ஆண்டு விதிகள் உண்டு. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45. சத்தமெழுப்பும் கட்டுமானக் கருவிகளை இரவு 10 முதல் காலை 6 வரை குடியிருப்புப் பகுதியில் இயக்கக்கூடாது. பகல் 11 மணி ட்ரில்லுக்கு அந்தத் தடை பொருந்தாது. 55 டெசிபலை 10 டெசிபலாவது தாண்டியதென்றால் அளந்து புகார் கொடுக்க வேண்டும், அதற்குள் டைல்ஸ் ஒட்டி முடித்துவிடுவார்கள். தேசியக் கட்டட நெறிமுறையோ தரை மாற்ற, பூச, ஜன்னல் திறக்கக்கூட அனுமதி தேவையில்லை என்று பட்டியல் போடுகிறது. 1882 சட்டம் அத்தனை யோசித்த அதே ஜன்னல்! 1994 சட்டத்துக்குப் பதிலாக வந்த 2022 அபார்ட்மென்ட் உரிமைச் சட்டப்படி, மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் மொத்தக் கட்டடத்தையும் இடித்துக் கட்டலாம். ஒற்றைச் சுவரை எந்த மணிக்கு இடிப்பது என்பது அசோசியேஷன் பாடு.

எங்கள் லிஃப்டில் ஒட்டியிருக்கும் தாளில் மதியம் 2 முதல் 4 வரை வேலை கூடாது என்றிருக்கிறது. மேஸ்திரி நேற்று நிறுத்தியது 11 மணிக்கு. முக்கால் மணி நேரம் கழித்துக் கீழே வந்து, எதிர் வீட்டுக் கதவைத் தட்டாமல், என்னிடம் மெதுவாகக் கேட்டார்: "பெரியவரு தூங்கி எந்திரிச்சுட்டாருங்களா?"